குரல் உதவி

அண்ணே, ஒரு சிரிப்பு இருக்கு. வயிறு வலிக்கச் சிரிக்கப் போறீங்க. ஆனா இப்ப இல்லை. இப்பவே சொன்னா புஸ்ஸுன்னு போயிடும். மேடையில அந்தச் சென்னைக்காரர் கட்டுரையை வாசிச்சு முடிக்கட்டும். அடுத்து எங்க இளம்பரிதி சார் ஏறுவார். ஏறி, வணக்கம் சொல்லி, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, "இப்போது அந்தக் குரலைக் கேளுங்கள்"னு உங்களைப் பார்த்துக் கை காட்டுவார். நீங்க பட்டனைத் தட்டுவீங்க. அப்பத்தான் சிரிப்பு.

அதுவரைக்கும் நான் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்துக்கறேன். உங்க சவுண்ட் மிக்சரைத் தொட மாட்டேன், சத்தியம். உங்க பேரு என்னண்ணே? ஏழுமலையா. கடலூரா. நான் பெர்னதெத். பி.ஏ. பிரெஞ்சு, ரெண்டாம் வருஷம். ஏன் அப்படிப் பார்க்கறீங்க? புதுச்சேரியில இதெல்லாம் சாதாரணப் பேரு. வாயில வரலைன்னா பெர்னான்னு கூப்பிடுங்க.

விஷயம் இவ்வளவுதான். காலையில சார் கொடுத்த ஒலிப்பதிவை விட்டுட்டு, என் பென்டிரைவ்ல இருக்கறதைப் போடணும். ரெண்டும் ஒரே கிழவர் குரல்தான். ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். சொருகிட்டீங்களா? நல்ல அண்ணன். கதையைக் கேட்டுட்டுத்தான் போடறதா வேண்டாமான்னு சொல்வீங்களா? சரி, கேளுங்க. கேட்டா நீங்களே ரெண்டு தடவை போடுவீங்க.

முதல்ல ஒண்ணு காட்டறேன். முன் வரிசையில பச்சைப் பட்டுப் புடவை தெரியுதா? அவங்கதான் எங்க துறைத்தலைவர், திலகா மேடம். இப்ப அவங்களைப் பார்த்துக்கிட்டே என் வாயைக் கேளுங்க. "பிள்ளைங்களா, இது காலேஜா, காய்கறி மார்க்கெட்டா? எனக்கு பி.பி. இருக்குப்பா. நான் விழுந்தா யாரு தூக்குவா?" அவங்க தலையாட்டறதும் நான் பேசறதும் பொருந்துதா? எனக்கு எல்லாக் குரலும் வரும்ணே. கேன்டீன் மாஸ்டர், பேராயர், பஸ் கண்டக்டர், எங்க வீட்டு மிக்சி. உங்க குரலும் வரும், கொஞ்சம் பேசுங்க. வேண்டாமா? சரி.

கை தட்டுங்கண்ணே, முடிஞ்சிடுச்சு. இல்லை, தண்ணி குடிக்கத்தான் நிறுத்தியிருக்கார்.

இளம்பரிதி சார் இங்க பிரெஞ்சில ஆராய்ச்சி மாணவர். திண்டிவனத்துக்காரர். எங்களுக்கு வகுப்பும் எடுப்பார். பேச ஆரம்பிச்சா எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு "அதாவது" போடுவார். "அதாவது, உட்காருங்க. அதாவது, புத்தகத்தை எடுங்க." அப்படி ஒரு ஆள்.

போன மார்ச்சில துறையில பிரெஞ்சு வாரம் கொண்டாடினோம். நான் ஒரு ஒலி நாடகம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு ஒரு பேக்கரி வாசல்ல வரிசை நிக்குது. உள்ளே ரொட்டி தீர்ந்துக்கிட்டே வருது. கடைசி ரொட்டி யாருக்கு? அவ்வளவுதான் கதை. பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். கடைக்காரர், ஒரு விதவை அம்மா, பிரான்ஸ்ல லியோன்லேர்ந்து வந்த டூரிஸ்ட், ஒரு குட்டிப் பையன், குரைக்கிற நாய், எல்லாமே நான்தான். அரங்கத்தை இருட்டாக்கி ஓடவிட்டோம். ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்த அம்மா ரொட்டியை விட்டுக்கொடுக்கிற இடத்துல மூக்கை உறிஞ்சற சத்தம்கூடக் கேட்டுது.

விளக்குப் போட்டாங்க. மேடையில யாரு நிக்கறா? சார். தனியா. குனிஞ்சு வணக்கம் சொல்றார்.

வெளியில போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. "கருத்தும் ஆக்கமும்: ம. இளம்பரிதி, ஆய்வாளர்." அதுக்குக் கீழே வரிசையா, நாற்காலி உதவி இன்னார், தேநீர் உதவி இன்னார், குரல் உதவி பெர்னதெத். எங்க அம்மா வேலைக்கு லீவு போட்டுட்டு வந்திருந்தாங்க. போஸ்டர் முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. அப்புறம் கேட்டாங்க, "ஏன்டி, நாற்காலி தூக்கினவன் பேரு உன் பேருக்கு மேல இருக்கே. அப்ப நீ என்னதான் பண்ணே?"

நான் சார்கிட்ட போய்க் கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? அவர் குரல்லேயே சொல்றேன். "அதாவது பெர்னா, அதாவது, டைரக்ஷன்னு ஒண்ணு இருக்கில்ல. உனக்கென்ன, சின்னப் பொண்ணு. இன்னும் எவ்வளவோ வாய்ப்பு வரும். எனக்கு இது தீசிஸ் சமயம்." அந்தப் பதிவைப் போட்டிக்கு அனுப்பினார். கோப்பை வந்துது. துறை அலமாரியில இருக்கு, போறப்ப பாருங்க. அடியில அவர் பேரு.

எனக்குக் கோவம் எல்லாம் இல்லைண்ணே. நான் விளையாட்டுப் பிள்ளை. கோவம் இருந்தா அன்னைக்கே கோப்பையைத் தூக்கிக் கடல்ல போட்டிருப்பேன். அப்படிச் செய்யாம, குரல் உதவின்னு எழுதினார்ல, உதவியே பண்ணிடலாம்னு முடிவு பண்ணேன்.

அவரோட ஆராய்ச்சி சொல்தாக்களைப் பத்தி. கடலூர்க்காரர், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டுப் பென்சனோட ஊர் திரும்பினவங்களை இங்க "சொல்தா"ன்னு சொல்வோம். அந்தக் கிழவர்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்துக்கிட்டிருந்தார். அல்ஜீரியாவுல இருந்தவர் ஒருத்தர்கூடக் கிடைக்கலைன்னு ஊரெல்லாம் போன் நம்பரோட நோட்டீஸ் ஒட்டினார். நான் எங்க அம்மாவோட பழைய போனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனேன்.

"அலோ? யாருப்பா அது? நான் சார்ஜான் சவரிராயன் பேசறேன். அல்ஜீரியாக்காரனைத் தேடறியாமே. உயிரோடதான் இருக்கேன், பல்லுதான் இல்லை."

எப்படி இருக்கு? பல்லில்லாத குரலுக்குக் கீழ் உதட்டை உள்ளே மடிச்சுக்கணும். சார்ஜான்னா பட்டாளத்துல சார்ஜென்ட். அந்தப் பக்கம் சாருக்கு மூச்சே நின்னுபோச்சு. "ஐயா, அதாவது, எங்க இருக்கீங்க? இப்பவே வரேன்." விடுவேனா? "வராதப்பா, என் மருமகள் வெளியாளை வாசப்படி ஏத்த மாட்டா." உடனே போனைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு மருமகள். "மாமா, யார்கிட்ட வெட்டிப் பேச்சு? மாத்திரை போட்டீங்களா?" சார் பயந்துட்டார். போன்லயே வெச்சுக்கலாம்ங்கய்யான்னு அவரே சொன்னார்.

அதுலேர்ந்து வாரா வாரம். அவர் கேட்பார்: எந்த வருஷம், எந்தப் படைப்பிரிவு, என்ன துப்பாக்கி. இதெல்லாம் தப்பாச் சொல்ல முடியுமா? நூலகத்துல போய் உட்கார்ந்தேன். அல்ஜீரியா மலை, அங்க விழற பனி, சிப்பாய் போட்ட பூட்ஸ், டப்பாவுல வந்த சாப்பாடு, ஒண்ணு விடலை. பரிட்சைக்குக்கூட நான் அப்படிப் படிச்சதில்லை. பிரெஞ்சில தடித் தடியான புத்தகம், அகராதியை மடியில வெச்சுக்கிட்டு. நூலகர் திலகா மேடத்துக்கிட்ட போய் இந்தப் பொண்ணு திருந்திடுச்சுன்னு சொல்லியிருக்கார். எல்லாம் பழிவாங்கத்தான்ணே. வேற எதுக்கு?

அப்படியே ஒரு கோவேறு கழுதையும் வந்து சேர்ந்துது. அதை நான் எந்தப் புத்தகத்துலயும் எடுக்கலை, பேசிக்கிட்டிருக்கும்போதே வாயில வந்துது. முகாமுக்குத் தண்ணி சுமக்கிற கழுதை. பேரு மதாம், பிரெஞ்சில அம்மணின்னு அர்த்தம். சவரிராயன் ஊர்லேர்ந்து வந்த கருவாட்டு மூட்டையை அது முதுகுலதான் ஒளிச்சு வெச்சிருப்பார். கேப்டனுக்குக் கருவாட்டு நாத்தம் ஆகாது. மதாமுக்குக் கேப்டன் ஆகாது. சவரிராயன் தமிழ்ல பூசைப்பாட்டுப் பாடினாத்தான் அது நடக்கும், இல்லைன்னா மலைப்பாதையில அப்படியே நின்னுடும். ஒருநாள் சவரிராயனுக்குக் காய்ச்சல், குரலே எழும்பலை. மேலே காவல்ல இருக்கிறவங்களுக்குத் தண்ணி போகணும். கேப்டன் துப்பாக்கியைக் காட்டிப் பார்த்தார், சர்க்கரை காட்டிப் பார்த்தார். அசையலை. கடைசியில, அந்த ஆறடி வெள்ளைக்காரர் தொப்பியைக் கழட்டிட்டு, கழுதைக் காதுகிட்ட குனிஞ்சு, கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்த அந்தப் பாட்டைத் தமிழ்லயே பாட ஆரம்பிச்சார்.

நடந்துச்சான்னா கேட்கறீங்க? நடந்துது. முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சிரிக்கறீங்க பாருங்க. இது அந்தச் சிரிப்பு இல்லைண்ணே, அது இன்னும் வரலை.

இப்ப கேளுங்க, இதுதான் உச்சம். நவம்பர் பதினொண்ணு. அன்னைக்குக் காலையில கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துல சொல்தாக்கள் எல்லாம் மெடல் குத்திக்கிட்டு நிப்பாங்க. மலர்வளையம், கொடி, ஊதுகுழல். முதல் உலகப்போர் முடிஞ்ச நாள். சாரும் ரெக்கார்டரோட போயிருந்தார். எனக்கு வகுப்பு இல்லை. சரியா அந்த நேரத்துக்குப் போன் போட்டேன். பின்னால ஊதுகுழல் சத்தம் கேட்குது. சார் கிசுகிசுன்னு கேட்கறார், "ஐயா, நீங்க வரலையா?" நான், "கால் வலிப்பா. வீட்டுலதான் படுத்திருக்கேன்." போனைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு யார்கிட்டயோ என்னமோ பேசறார். அப்புறம், "உங்க மெடலை யாருங்கய்யா போட்டுக்கிட்டு வந்திருக்காங்க?"ன்னு கேட்டார். "அது தகரப் பெட்டியில தூங்குது, என்னை மாதிரி"ன்னு சொன்னேன். எப்படி? அத்தனை மெடலுக்கு நடுவுல அந்த மனுஷன் நின்னுக்கிட்டு, மொட்டை மாடியில வத்தல் காயற இடத்துல இருக்கிற என்கிட்ட போய் மெடலைப் பத்திக் கேட்கறார். நான் வாயில துப்பட்டாவை அடைச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

அன்னையிலேர்ந்து ஆள் முழுசா விழுந்துட்டார்ணே. எப்படித் தெரியும்னா, வருஷம் கேட்கறதை விட்டுட்டார். படைப்பிரிவு கேட்கறதை விட்டுட்டார். வெறும் கதைதான். "அப்புறம் என்ன ஆச்சுங்கய்யா? மதாம் என்ன ஆச்சு? கேப்டனுக்கும் அதுக்கும் சிநேகமாயிடுச்சா?" சின்னப் பிள்ளை மாதிரி. நானும் மதாம் கடைசியில என்ன ஆச்சுன்னு சொல்லாமலே இழுத்துக்கிட்டு வரேன். இன்னைக்கு வரைக்கும் சொல்லலை. சிரிப்பே வருது, ஒருநாள் மருமகளைக்கூட விசாரிச்சார். "பாவம், அவங்களுக்கும் தொண்டை வலிக்குமே, சூடா எதாவது குடிக்கச் சொல்லுங்க"ங்கறார்.

இதையெல்லாம் விட ஒண்ணு. போன மாசம் தானாவே வாயைத் திறந்தார். "ஐயா, அதாவது, நான் ஒரு பொண்ணுக்குத் துரோகம் பண்ணிட்டேன். அவ செஞ்சதுக்கு என் பேரைப் போட்டுக்கிட்டேன். பட்டாளத்துல இதுக்கு என்ன செய்வாங்க?" யோசிச்சுப் பாருங்கண்ணே. யார்கிட்ட சொல்றோம்னு தெரியாம என்கிட்டயே சொல்றார். எனக்கு ஒரு நொடி சவரிராயன் குரல் நழுவிடுச்சு. இருமிச் சமாளிச்சேன். அப்புறம் உதட்டை நல்லா உள்ளே இழுத்துச் சொன்னேன், "தம்பி, தனியா மன்னிப்புக் கேட்கறதெல்லாம் பட்டாளத்துல செல்லாது. எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு, அவன் வாயாலயே சொல்ல வெப்பாங்க." சார், சரிங்கய்யான்னார். பயந்துட்டார்.

அன்னைக்கே இன்னொண்ணும் சொன்னார். இந்தக் கருத்தரங்குக்கு அவங்க அப்பா வராராம், இவர் பேசறதைக் கேட்க முதல் தடவையா. மூணாவது வரிசை, ஓரத்து நாற்காலி, வெள்ளைச் சட்டை, கையில மஞ்சப்பை. அவர்தான். திண்டிவனத்துல சைக்கிள் ரிப்பேர் கடை.

அதனாலதான் இந்தப் பென்டிரைவ். என்ன இருக்குன்னு கேட்டீங்கல்ல? முதல்ல சவரிராயன். "அல்ஜீரியாவுல அப்போ நல்ல பனி." எல்லாரும் உருகிப்போய்க் கேட்டுக்கிட்டிருப்பாங்க. அப்புறம் அதே மூச்சுல, "இங்க பாருங்க, சவரிராயன்னு யாருமே இல்லை. நான்தான் குரல் உதவி." அடுத்தது மருமகள், அடுத்தது திலகா மேடம், "என்னப்பா இது, ஆராய்ச்சியா, மிமிக்ரியா?" கடைசியில சார் குரல். "அதாவது அப்பா, அதாவது, நான் ஏமாந்துட்டேம்ப்பா. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுப்பா." அழுகையோட. நல்லா வந்திருக்கு, நாலைஞ்சு தடவை எடுத்துச் சரி பண்ணேன்.

ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு? பெரியவர் பாவம்ங்கறீங்களா? எங்க அம்மா போஸ்டர் முன்னாடி நின்னாங்களே, அது பாவம் இல்லையா? அதையேதான் திருப்பிக் கொடுக்கறேன். கோவம் இல்லைண்ணே. கணக்கு.

அதோ, சென்னைக்காரர் இறங்கிட்டார். சார் ஏறிட்டார். மேடையில பாருங்க, ரெண்டு மைக். நீங்கதானே வெச்சீங்க? சார்தான் ரெண்டு வேணும்னு சொன்னாரா? பேராசையைப் பார்த்தீங்களா, ஒரு வாய்க்கு ரெண்டு மைக். கூட ரெண்டு நாற்காலி வேற.

இருங்க, அவர் பேசப் பேச நான் கூடவே பேசறேன், உதட்டைப் பாருங்க. "அதாவது, அனைவருக்கும் வணக்கம்." பார்த்தீங்களா? "அதாவது, இந்த ஆய்வின் நோக்கம்..."

இல்லை. வேற என்னமோ சொல்றார்.

"எங்க அப்பா வந்திருக்கார். அவருக்கும் புரியணும்னு இன்னைக்குத் தமிழ்ல பேசறேன்."

ஒரு அதாவதுகூட இல்லை. சரி, நல்லதுதான், அப்பாவுக்கு நல்லாவே புரியும். நீங்க கையைப் பட்டன்கிட்ட வெச்சுக்கோங்க.

"நவம்பர் பதினொண்ணாம் தேதி காலையில நினைவுச் சின்னத்துப் பக்கத்துல நின்னேன். சக்கர நாற்காலியில ஒருத்தர் வந்திருந்தார். ஒரு கால் இல்லை. இன்னொருத்தரை ரெண்டு பேரன்கள் தூக்கிக்கிட்டு வந்தாங்க. அப்ப எனக்கு ஒரு சார்ஜான் போன் பண்ணார். கால் வலி, வீட்டுல படுத்திருக்கேன்னார்."

சிரிக்கறாங்க. ஏன் சிரிக்கறாங்க? முதல் வரிசையைப் பாருங்கண்ணே, அந்தக் கிழவர்கள் எப்ப வந்தாங்க? மெடல் எல்லாம் குத்தியிருக்காங்க.

"பக்கத்துல இருந்த சொல்தாகிட்ட கேட்டேன், இப்படி ஒருத்தர் ஏன் வரலைன்னு. அவர் சொன்னார், தம்பி, இன்னைக்கு இந்த நேரத்துல வீட்டுல படுத்துக்கிட்டுப் போன் பேசற சொல்தா இந்த ஊர்லயே கிடையாது. யாரோ உன்கிட்ட விளையாடறாங்கன்னு."

அண்ணே.

"போனை அன்னைக்கே வெச்சிருக்கலாம். வைக்கலை. எனக்கு அந்தக் கோவேறு கழுதைக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும். அதோட, அந்தக் குரல் யாருதுன்னும் புரிஞ்சுபோச்சு. மருமகள் குரலை நான் ஏற்கனவே ஒரு பேக்கரி வரிசையில கேட்டிருக்கேன்."

அண்ணே, கொஞ்சம் இருங்க.

"அந்தச் சார்ஜான்கிட்ட ஒரு தப்புக்குத் தண்டனை கேட்டேன். எல்லார் முன்னாடியும் நின்னு, உன் வாயாலயே சொல்லுன்னார். சொல்றேன். போன மார்ச்சில நீங்க இங்க கேட்ட நாடகத்துல ஒரு சொல்கூட என்னோடது இல்லை. கோப்பையும் என்னோடது இல்லை. அப்பா, உங்ககிட்ட அதைக் காட்டிப் பெருமைப்பட்டேன், அதுவும் பொய்."

வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து நிக்கறார். திரும்பி யாரையோ தேடறார். என்னையா? திரையில என்ன எழுத்து அது? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை, நீங்க படிங்க. வேண்டாம், தெரியுது. "இல்லாத ஒரு சார்ஜானின் நினைவுகள். கருத்தும் ஆக்கமும்: பெர்னதெத்." கீழே, சின்ன எழுத்துல. "குரல் உதவி: ம. இளம்பரிதி."

"மதாம் கடைசியில என்ன ஆச்சுன்னு அவங்க யாருக்குமே சொல்லலை. இப்போது அந்தக் குரலைக் கேளுங்கள்."

கையை எடுங்கண்ணே. பட்டன்லேர்ந்து கையை எடுங்க. பென்டிரைவைக் கழட்டுங்க, கால்ல விழறேன், அவங்க அப்பா நிக்கறார். கழட்டிட்டீங்களா? எப்போ? கேப்டன் பாட்டுப் பாடினப்பவேவா? சிரிக்காதீங்கண்ணே. சிரிப்பு வரும்னு நான்தான் சொன்னேன், அதுக்காக இப்படியா, எல்லாரும் நம்ம பக்கம் திரும்பிப் பார்க்கறாங்க, சார் என்னைப் பார்த்துல்ல கை காட்டறார். என் பேரைச் சொன்னப்ப நீங்க ஒரு மாதிரி பார்த்தீங்கல்ல. அப்ப அந்த ரெண்டாவது மைக்கை, காலையிலேயே என் பேரைச் சொல்லித்தான் வைக்கச் சொன்னாரா?